சடங்குக்குப் பிந்தைய சாப்பாடு

வளரிளம் பெண்களின் உணவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர்களின் நாக்கைக் குறை சொல்வதில்தான் தொடங்கும். கீரையை ஒதுக்குகிறாள், பானிபூரிக்கு ஓடுகிறாள் என்பார்கள். தமிழ்நாட்டு வீட்டையும் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால், ருசியைவிட வேளையும் இடமுமே அவள் உண்பதைத் தீர்மானிக்கின்றன.

பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுப்பது பல வீடுகளில் இன்றும் வழக்கம். அவள் உடம்புக்குக் கூடுதல் ஊட்டம் வேண்டும் என்பது நம் வீடுகள் அறியாததல்ல. ஆனால் சடங்கு முடிந்ததும் அந்தக் கவனிப்பும் முடிந்துவிடுகிறது. பிறகு அவள் அம்மாவின் வரிசைக்குப் போகிறாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பவர்களின் வரிசை அது. காலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பி, பேருந்துக்கு ஓடுமுன் ஒரு டம்ளர் டீ. டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு. (எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும், அந்தச் சோற்றில் இரும்புச்சத்து இருந்தால்தானே!)

பள்ளியின் கணக்கோ வகுப்பைப் பார்க்கிறது, வயதின் தேவையைப் பார்ப்பதில்லை. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் 15 வயது வரை நீண்டது. இன்றும் 10ஆம் வகுப்போடு நிற்கிறது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்பைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி 13–15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. இரும்புச்சத்து வேண்டும், 16–18 வயதில் 32. அதே வயதுப் பையனுக்கு 26 போதும். தேவை ஏறும் வயதில்தான் சோறு நிற்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, பையன்களில் 31.

சத்துணவுத் திட்டத்தை 12ஆம் வகுப்புவரை நீட்டினால் தீர்ந்துவிடுமா? ஒரு முட்டையில் ஏறத்தாழ 1 மி.கி. இரும்புச்சத்துதான் உண்டு, பயறும் கீரையும் கூடாமல் கணக்கு நேராகாது. சாப்பாடு கிடைக்கும் 9ஆம் வகுப்பிலேயே தட்டேந்தி நிற்கக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்கள் உண்டு. கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காதவளுக்கு உலர்ந்த சோறு எப்படி இறங்கும்? பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடாத காலையில்தான் தடுக்கி விழுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஆகவே மாத்திரையைத் தவிர்ப்பவளைத் திட்டுமுன், அன்று அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதே முறை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறை. சிறப்பு வகுப்பு முடித்துப் பசியோடு வருபவள் காத்திருக்கும் பேருந்து நிறுத்தம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே. அங்கே ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம்சரமாய்த் தொங்குகின்றன. அந்த நேரத்தில் அவளுக்கு எட்டும் விலையில் வேறெதுவும் அங்கே விற்பதில்லை. சுண்டல் அவிக்க அடுப்பும் ஆளும் உள்ள சத்துணவு மையமோ, அவள் படிக்கும் மேல்நிலைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே மதியத்தோடு பூட்டிக் கிடக்கிறது.