முதுமை மறதியும் பராமரிப்போரும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1998இல் கொச்சியில் '10/66' என்னும் ஆய்வுக்குழு உருவாயிற்று. பெயரிலேயே ஒரு முறையீடு உண்டு: முதுமை மறதி கொண்டோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தனர், மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை.

இந்தியாவில் இது நெடுங்காலம் நோயாகவே கருதப்படவில்லை. 'வயதானால் அப்படித்தான்' என்பதோடு பேச்சு முடிந்தது. வாரணாசியில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1998இல் வெளியிட்ட நூல் மற்றொன்றையும் காட்டியது: முதியவரின் தடுமாற்றம் கூட்டுக்குடும்பச் சிதைவின் அடையாளமாகப் பேசப்பட்டது. இவ்வாறு சுமையோடு பழியும் குடும்பத்தின்மீது, குறிப்பாகப் பெண்கள்மீது, விழுந்தது.

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் இச்சுமை இரட்டிக்கிறது. கணவர் இறந்ததை மறந்த பாட்டி, 'அவர் எங்கே?' என்று நாள்தோறும் கேட்கிறார். விடை சொல்லும் மகளுக்குத் தந்தையின் சாவு நாள்தோறும் நிகழ்கிறது.

2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. பேணுவோர்க்கு யார் துணை என்பதை அது பேசவில்லை. அவ்வினாவுக்குக் கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒரு விடை தந்தது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதேடிச் சென்று நோயை விளக்கினர். நடத்தை மாற்றங்களை எதிர்கொள்ளும் வழி கூறினர். தேவைப்பட்டபோது மனநல மருத்துவரிடம் சேர்ப்பித்தனர். ஆறு மாதங்களில் பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டது.

அவ்விடை பொதுச் சுகாதார அமைப்பில் இன்னும் பரவலாக இடம்பெறவில்லை.