பாசறையில் தூங்காதவர்கள்

முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் தூக்கமின்றிக் கிடக்கிறான். புண்பட்ட யானைகளும் செத்துப்போன வீரர்களும் நினைவில் வருகிறார்கள். நெடுநல்வாடையிலும் நள்ளிரவில் தூங்காமல் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடப்பவன் அரசன்தான். எம்.ஏ. தேர்வில் இதை 'மன்னனின் பரிவு' என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். சிப்பாய்க்குத் தூக்கம் வந்ததா என்கிற கேள்வி அன்று எனக்கு எழவேயில்லை. தூக்கமின்மைகூட அரசனின் உடைமையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை 1915இல் மருத்துவ இதழில் எழுதினார் சார்லஸ் மையர்ஸ். அதிகாரிக்கு வந்தால் அது நரம்புத் தளர்ச்சி. சிப்பாய்க்கு வந்தால் ஹிஸ்டீரியா. முதல் உலகப்போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது 2006இல்.

ராசிபுரம் பக்கம் எங்கள் மாமா ஒருவர் அமைதிப்படையில் போனவர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது அங்கே இருந்தார். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதை மறந்துவிட்டு மாலை போட முடியாது. ஆனால் போடாத மாலையோடு ஊர் திரும்பியவர்களைப் பற்றி நம் தமிழ்த் தேசியமும் பேசவில்லை, இந்திய தேசியமும் பேசவில்லை.

கையும் காலும் முழுசாக இருந்ததால் மாமாவை யாரும் புண்பட்டவராகக் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரியில் எழுந்து தோட்டத்தைச் சுற்றுவார். காத்துக்கருப்பு என்றார்கள். மந்திரித்தார்கள், குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்தார்கள். அத்தை நிலைப்படியில் வேப்பிலை செருகியதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொடாக்காஞ்சி புரிந்தது. புண்பட்ட கணவனைப் பேய் தொடாமல் மனைவி காக்கும் துறை அது. அரிசில்கிழாரின் பாட்டிலும் (புறம் 281) வீட்டில் வேம்பு செருகி, வெண்கடுகு தூவி, காஞ்சிப்பண் பாடுகிறார்கள். இலக்கணம் பார்த்தது உடற்புண்ணைத்தான். ஆனாலும் காவலிருக்கும் பெண்ணுக்கு ஒரு துறையாவது அதில் இருந்தது. நம் போர்ச் சொல்லாடல்களில் அத்தைக்கு அதுவும் இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை 1980இல் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள், வியட்நாமுக்குப் பிறகு. மாமாவின் சிக்கல் அந்தப் பட்டியலுக்குள்ளும் அடங்காதது. ஒரே ஒருமுறை சொன்னார்: "அங்க பொம்பளைங்க அழுதது தமிழ்ல மாப்ளே. பக்கத்துல நின்ன பஞ்சாபிக்காரனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது."

நீங்க என்ன செஞ்சீங்க மாமா என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூட இருக்கிற அத்தையும் கேட்டதில்லையாம்.