படம் வரைவதா, எழுதிக் கேட்பதா?

போன ஆண்டுச் சந்திப்பில், கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மவுஸால இழுத்துப் போட்டாலே டேட்டாபேஸ் வேலை முடிஞ்சிடுதே சார், எஸ்.கியூ.எல். எதுக்கு எழுதிப் படிக்கணும்?" பந்திக்குக் கூப்பிட்டுவிட்டதால் பாதியில் நின்ற பதிலை இந்த மலரில் எழுதுகிறேன்.

இது பழைய வழக்கு. தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம், அவை கம்ப்யூட்டரில் எங்கே கிடக்கின்றன என்று கேட்பவர் அறிய வேண்டியதில்லை என்று 1970-இல் எழுதியவர் ஐ.பி.எம்.மின் எட்கர் காட். சரி, அந்த அட்டவணைகளிடம் எப்படிக் கேட்பது? அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும், ஆங்கில வாக்கியம் போல எழுதிக் கேட்கும் 'சீக்வெல்' மொழியை 1974-இல் வெளியிட்டார்கள். பெயருரிமைச் சிக்கலால் அது பிறகு எஸ்.கியூ.எல். ஆயிற்று. மறு வருடமே, ஐ.பி.எம்.மிலேயே இருந்த மோஷே ஸ்லூஃப் இன்னொரு வழி சொன்னார்: திரையில் காலி அட்டவணையைக் காட்டுவோம், வேண்டியதைக் கட்டத்தில் நிரப்பட்டும். இரண்டுமே புரோகிராம் எழுதத் தெரியாதவர்களை மனதில் வைத்துப் பிறந்தவை என்பதுதான் வேடிக்கை!

ஸ்லூஃபின் கட்டங்கள் 1992-இல் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸிலும் இருந்தன. அதை நம்பி 1996-இல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கல்வி உதவித்தொகைப் பட்டியல் எடுக்க வேண்டும். தேர்வான மாணவர்கள் ஓர் அட்டவணை, வங்கிக் கணக்குகள் இன்னோர் அட்டவணை. நடுவே ஒரு கோடு இழுத்தேன். பட்டியல் அழகாக வந்தது, அதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு தகப்பனார் வந்து நின்றார். "எம் பொண்ணு பேரு லிஸ்டுல இல்லீங்களே சார்."

தேடினால், கணக்கு தொடங்காத பிள்ளைகள் அத்தனை பேரும் விடுபட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் கணக்கில் பிழையே இல்லை! என் மேலாளர் எஸ்.கியூ.எல். பார்வையைத் திறந்து காட்டினார். 'இன்னர் ஜாயின்' என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள் என்று பொருள். நான் கேட்டிருக்க வேண்டியது 'லெஃப்ட் ஜாயின்'. கோட்டை இருமுறை தட்டி மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்தானே!

கையால் எழுதுகிறவர்களும் தவறாதவர்கள் அல்லர். இணைக்கும் நிபந்தனையை மறந்தால் 200 பேரும் 200 கணக்கும் சேர்ந்து 40,000 வரியாக வந்து நிற்கும். அட்டவணைகளை வடிவமைக்கவோ படம்தான் மிகவும் உதவும். பீட்டர் சென் 1976-இல் தந்த உறவுப் படமுறையை இன்றும் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆகவே தம்பி, வடிவமைப்பைப் படமாக வரையுங்கள். ஆனால் கம்ப்யூட்டரிடம் என்ன கேட்டோம் என்பதை எழுத்தில் படிக்கத் தெரியாமல் எந்தப் பட்டியலுக்கும் கையெழுத்து வாங்காதீர்கள்.

இந்த மலரின் முகவரிப் பட்டியலை எடுத்தவன் நானே. லெஃப்ட் ஜாயின் போட்டுத்தான் எடுத்தேன். முகவரி தெரியாத தோழர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.