பொதுவானது எனப் பெயர்பெற்ற ஒரு காளான்

விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளில் சிறு விசிறி போல, வெண்சாம்பல் நிறத்தில் மென்மயிர் போர்த்து வளரும் காளான் ஒன்று உண்டு. அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் அது மரத்தை மட்கச் செய்துகொண்டிருக்கிறது. அதன் அடிப்புற மடல்கள் நீளவாக்கில் பிளந்திருக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் பிரீஸ் 1815-இல் அதற்கு 'ஸ்கைசோபில்லம் கம்யூன்' என்று பெயரிட்டார். முதற்சொல் கிரேக்க வேர்களால் ஆனது. பிளந்த இலை என்பது பொருள். அடுத்தது இலத்தீன், பொதுவானது என்பது பொருள்.

எங்கும் கிடைத்த அந்தப் பூஞ்சை ஆய்வகங்களுக்கும் சென்றது. வறட்சியில் அதன் மடல்கள் சுருண்டு மூடிக்கொள்ளும். ஈரம் பட்டால் விரிந்து வித்துகளை உதிர்க்கும். ரெஜினால்டு புல்லர் உலர்த்தி வெற்றிடக் குழாயில் அடைத்துவைத்த காளான், 34 ஆண்டுகளுக்குப் பின் நனைக்கப்பட்டபோது மீண்டும் விரிந்தது. இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட இணைவு வகைகள் இவ்வினத்தில் உண்டென மரபியலார் கணித்தனர். அதிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரைச் சேர்மம் ஒன்று ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சையின் துணைமருந்தாயிற்று.

ஆயினும் மேலைநாட்டுக் காளான் கையேடுகள் பலவும், தோல்போல் கடினமானது என்பதால், அதை உணவுக்கு உதவாதது என்றே ஒதுக்கின.

மணிப்பூரில் அதன் பெயர் காங்லாயென். பாக்னம் என்னும் அடைபோன்ற உணவில் அதைச் சேர்ப்பார்கள். மிசோரமில் அது பாசி; 'பா' காளான், 'சி' சிறியது. தமிழ்ப் பாசியோடு அச்சொல்லுக்கு ஒலி ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. மிசோ மக்கள் மிக விரும்பி உண்ணும் காளான்களுள் அதுவும் ஒன்று.

அறிவியல் பெயரிடலில், முறைப்படி முதலில் அச்சேறிய பெயருக்கே முன்னுரிமை. அவ்விதி இல்லையேல் ஓர் உயிருக்கு நூறு பெயர்கள் நின்று குழப்பும். ஆனால் அச்சுக்கு நாள் உண்டு, பேச்சுக்கு இல்லை. எனவே இக்காளானின் வரலாறு 1815-இல் தொடங்குவதாக ஏடுகளில் தோன்றுகிறது. அதே காளானை உண்ணத்தக்கது என்று தலைமுறைகளாகக் கைமாற்றித் தந்தவர்களின் சொற்கள் அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன.

இழப்பு சொல்லோடு முடிவதில்லை. ஒரு மொழியில் அப்பெயர் வழக்கொழிந்தால், மழைக்குப் பின் எந்தக் கட்டையில் அதைத் தேடுவது, எவ்வளவு இளமையில் பறிப்பது, எதனோடு சமைப்பது என்ற அறிவும் மெல்ல மறையும். கட்டையில் காளான் இருக்கும். அதை உணவென்று அறிந்து கைநீட்ட ஒருவர் இருக்கமாட்டார்.