அடைக்கூடையிலிருந்து முட்டை அட்டை வரை



ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சேவல் கூவும் ஓசை புதிதன்று. பிரட்டு மணி அடிப்பதற்கு முன்பே அது கூவிவிடும். பால் வெட்டப் போகும் தாய்மார்கள் அந்தக் கூவலில் எழுந்து அடுப்பு மூட்டுவார்கள். அதே வீட்டின் இருண்ட மூலை ஒன்றில், பழைய கூடைக்குள், அடைக்கோழி அசையாமல் படுத்திருக்கும். முட்டையைக் குஞ்சாக்க மனிதன் பல நாடுகளில் பல வழிகளைக் கண்டான். அந்த வரலாற்றையும், அதில் நம் லயத்துக் கூடைக்கு உள்ள இடத்தையும் இன்று பார்ப்போம்.

கோழியின் பூர்வீகம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மலேசியக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அதை இன்றும் காணலாம். 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டுக் கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்று அது கூறுகிறது. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. வயலில் சிந்திய நெல்லையும் தினையையும் தேடிக் காட்டுக்கோழி வந்தது. வந்தது மனிதனோடு தங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் முன்னோர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்தபோது, ஊரில் கற்ற கோழி வளர்ப்பும் உடன் வந்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. கீரைப்பாத்திக்கும் கோழிக்கும் அவ்வளவே இடம். ஆயினும் அந்தக் கோழி பல தாய்மார்களுக்குச் சொந்தப் பணமாக இருந்தது. சம்பளம் கடைக்காரரின் கணக்குக்குப் போய்விடும். கோழி விற்ற காசு பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு ஆகும். எனவே முட்டையை இன்றே விற்பதா, அடை வைத்து மூன்று வாரம் காத்திருப்பதா என்பது சிறிய கேள்வியன்று.

அடை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. கூடையில் மணலோ தவிடோ பரப்புவார்கள். பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பார்கள். இடிக்கு முட்டை கெடாதிருக்க ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் போடுவார்கள். இரும்புக்கும் இடிக்கும் தொடர்பில்லை என்று இன்று சொல்லிவிடலாம். ஆனால் மற்றவற்றை நோக்குங்கள். அடைக்கோழி தன் வயிற்றுச் சிறகு உதிர்ந்த இடத்துத் தோலால் முட்டையைச் சூடாக்குகிறது. அலகால் அடிக்கடி புரட்டிவிடுகிறது. இரை தின்னச் சற்றே எழுந்து திரும்பிவிடுகிறது. இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவருகிறது. சூடு, புரட்டல், ஈரம், காற்று ஆகிய இந்த நான்கையும் கோழியிடமிருந்து கற்றுக்கொள்ள மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். 1881-ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டியதாயிற்று. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளை செங்கல்லுக்குத்தான் என்று நாம் எண்ணுகிறோம். எகிப்து நாட்டிலோ முட்டைக்கே சூளை கட்டினார்கள்! எகிப்தில் சாணக் குவியலில் முட்டையைப் புதைத்துப் பொரிக்கிறார்கள் என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். பின்னர் அங்கே மண்கல்லால் அடுக்கு அறைகள் எழுந்தன. கீழறையில் ஆயிரக்கணக்கான முட்டைகள். மேலறையில் சாணமும் வைக்கோலும் எரியும் மெல்லிய தீ. வெப்பமானி கிடையாது. முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

நமக்கு அண்டையிலுள்ள பிலிப்பீன்ஸ் நாட்டிலும் இதுபோன்ற கைப்பழக்கம் உண்டு. நெல்லைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் வாத்து முட்டையை வைப்பார்கள். ஐரோப்பாவில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இதை வெப்பமானியின் துணையோடு ஆராய்ந்து, 1749-ல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெட்டலூமா என்னும் ஊரில், 1879-ல் லைமன் பைஸ் என்பவர் பயன்தரும் அடைகாப்புப் பெட்டி ஒன்றைச் செய்தார். அந்த ஊர் முட்டைக்குப் பேர்போன ஊராயிற்று.

இந்தப் பெட்டியால் கோழியின் இயல்பே மாறியது. அடைக்கு உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். பண்ணையாருக்கு அது நட்டம். ஆகவே அடைக்கு உட்காராத கோழிகளையே தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். வெள்ளை லெகார்ன் போன்ற இனங்கள் அடைகாப்பதையே பெரும்பாலும் மறந்துவிட்டன. கடையில் வாங்கும் முட்டையை அடை வைத்தால் பொரியாததற்குக் காரணம் வேறு. முட்டைப் பண்ணையில் சேவல் இல்லை. அந்த முட்டையில் கருவும் இல்லை. நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள்.

இனி முட்டை அட்டையின் கதைக்கு வருவோம். கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஜோசப் கோய்ல் என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். பண்ணையிலிருந்து விடுதிக்கு வரும் முட்டைகள் உடைந்துபோவதால் இருதரப்பாருக்கும் ஓயாத சண்டை. அதைக் கேட்ட அவர் 1911-ல் முட்டைக்குத் தனித்தனிக் குழி வைத்துக் காகிதப் பெட்டி செய்தார். உடையாமல் கொண்டுபோகப் பிறந்தது அந்தப் பெட்டி. நம் கடைகளில் முப்பது முட்டை கொள்ளும் காகிதக்கூழ்த் தட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் குஞ்சு பொரிப்போர் இந்த அட்டைக்கு வேறு இரண்டு வேலை கொடுத்தார்கள். முதலாவது, அடை வைக்குமுன் முட்டையைச் சேர்த்து வைப்பது. கூர்முனை கீழாக, குளிர்ச்சியான இடத்தில், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் வைக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சாய்த்து, கட்டையைப் பக்கம் மாற்றி மாற்றி வைத்தால், புரட்டியதற்கு ஒப்பாகும். இரண்டாவது, பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தியபின், அடியில் காற்றுத் துளையிட்ட அட்டையில் அகன்ற முனை மேலாக நிறுத்துவது. காற்றறை அந்த முனையில்தான் இருக்கிறது. முதலில் வந்த குஞ்சு மற்ற முட்டைகளை உருட்டிவிடாமலும் அது காக்கும்.

காற்றாடி உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றாடி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் அதைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். நாளுக்கு மூன்று முறையாவது புரட்ட வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் விளக்குப் பிடித்தால், உயிருள்ள முட்டையில் இரத்த நரம்புகள் சிலந்திபோலத் தெரியும். கடைசி மூன்று நாளில் ஈரம் கூட வேண்டும். பெட்டியை அடிக்கடி திறக்கக் கூடாது. இன்றைய எல்.இ.டி. விளக்கு போதிய சூடு தராது. சூடு தரும் விளக்கைக் காகித அட்டைக்கு அருகில் வைத்தால் தீப்பிடிக்கும். அசுத்தமான அட்டையைப் பயன்படுத்தாதீர்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பொரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. மலாயாவில் 1934-ல் வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டறியப்பட்டது. காலையில் கூடையைத் திறந்தால் எல்லாக் கோழியும் செத்துக் கிடக்கும். ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஓரிரவில் போய்விடும். தடுப்பூசி இருந்தும், அதைக் குளிர்ச்சியில் வைத்து ஒவ்வொரு கோழியாகப் பிடித்துப் போடுவது லயத்திலும் கம்பத்திலும் எளிதன்று. சிலாங்கூரில் செர்டாங்கிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தார், 1980-களில் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் மருந்து ஒன்றை உருவாக்கினார்கள். வி4-யுபிஎம் என்பது அதன் பெயர். அதைத் தீனியில் கலந்தே கொடுக்கலாம். ஏழை வீட்டுக் கோழியை மனத்தில் வைத்துச் செய்த ஆராய்ச்சி அது.

நோயின் அச்சம் பட்டணத்திலும் உண்டு. 2006-ல் கோம்பாக்கிலும் 2007-ல் சுங்கை பூலோவிலும் பறவைக் காய்ச்சல் வந்தது; கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மில் பலர் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டோம். அங்கே மேய்ச்சலுக்கு இடம் ஏது? பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி சேவலாகும். அது கூவினால் அண்டை வீட்டார் பொறுப்பார்களா? நகராண்மைக் கழகம் அனுமதிக்குமா? முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு கொடுத்துக் குஞ்சை யார் பார்ப்பார்கள்? இவற்றுக்கு விடை கண்டபிறகே முட்டையைப் பெட்டியில் வையுங்கள். உயிர் விளையாட்டுப் பொருளன்று.

இடம் உள்ளவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். இடம் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. லயத்தில் அடை வைத்த பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை முட்டை வைத்தீர்கள், எதில் வைத்தீர்கள், எப்படிச் சூடு பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எகிப்தியர் கண்ணிமையால் அறிந்ததை வரலாறு எழுதி வைத்தது. நம் பாட்டிமார் கையால் அறிந்ததை நாம்தான் எழுத வேண்டும்.