இரக்கச் செயல்கள்

இரக்கச் செயல்கள் என்பவை கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்கள் அனைவருக்கும் கடமையாகக் கற்பிக்கும் பதினான்கு அறச்செயல்கள். இவற்றில் ஏழு உடல் சார்ந்தவை, ஏழு ஆன்மா சார்ந்தவை. குருக்கள், துறவியர் மட்டுமன்றித் திருமுழுக்குப் பெற்ற எவரும் அன்றாட வாழ்வில் செய்யக்கூடியவை இவை. செபம், ஞானம், பிறர்பணி ஆகிய மூன்றும் தனித்தனி வழிகள் அல்ல, ஒரே வாழ்வின் மூன்று முகங்கள் என்ற கத்தோலிக்கப் புரிதல் இப்பட்டியலிலேயே அமைந்துள்ளது. கற்பித்தலும் ஆலோசனை கூறுதலும் மன்றாடுதலும் இங்கே இரக்கத்தின் செயல்களாகவே எண்ணப்படுகின்றன.

பட்டியல்

உடல் சார்ந்தவை: பசித்தோருக்கு உணவளித்தல், தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தல், ஆடையற்றோரை உடுத்துதல், வீடற்றோருக்கு இடமளித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல், சிறையில் இருப்போரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல்.

ஆன்மா சார்ந்தவை: ஐயமுற்றோருக்கு ஆலோசனை கூறுதல், அறியாதோருக்குக் கற்பித்தல், தவறுவோரைத் திருத்துதல், துயருற்றோரைத் தேற்றுதல், தீங்கிழைத்தோரை மன்னித்தல், பிறர் குறைகளைப் பொறுத்தல், வாழ்வோருக்காகவும் இறந்தோருக்காகவும் மன்றாடுதல்.

விவிலிய அடிப்படை

உடல் சார்ந்த ஏழில் ஆறு, மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியிலிருந்து வந்தவை. எளியோருக்குச் செய்த உதவியைத் தமக்கே செய்ததாக இயேசு அங்கே ஏற்றுக்கொள்கிறார். ஏழாவதான அடக்கம் செய்தல் தோபித்து நூலிலிருந்து சேர்ந்தது. நினிவே நகரில் அடிமைப்பட்டு வாழ்ந்த தோபித்து, கொல்லப்பட்டுத் தெருவில் எறியப்பட்ட தன் இனத்தாரின் உடல்களை அரசனின் சினத்துக்கு அஞ்சாமல் அடக்கம் செய்தார். அவர் செபித்த வேளையில் அம்மன்றாட்டைக் கடவுள் முன் கொண்டுசென்றதாகவும், இறந்தோரைப் புதைத்த வேளையில் உடனிருந்ததாகவும் வானதூதர் இரபேல் பின்னர் அவருக்கு வெளிப்படுத்துகிறார். செபமும் இரக்கமும் ஒரே தராசில் வைக்கப்படும் இடம் அது. மத்தேயு 6ஆம் அதிகாரம் தருமம், செபம், நோன்பு மூன்றையும் அடுத்தடுத்துப் பேசுகிறது. செயலற்ற நம்பிக்கை செத்தது என்பது யாக்கோபு திருமுகத்தின் வாதம்.

ஞானமும் இரக்கமும்

13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், பிறர் துன்பம் கண்டு நெஞ்சு வருந்துவது இரக்கத்தின் தொடக்கம் என்றும், அந்த வருத்தம் அறிவின் வழிநடத்துதலுக்கு உட்படும்போதுதான் அது நற்பண்பாகிறது என்றும் விளக்கினார். தூய ஆவியாரின் கொடைகளைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என ஏழாக மனப்பாடம் செய்வது பழைய வழக்கம். இவற்றுள் விமரிசை என்பது எதை எப்படிச் செய்யலாம் என்று தேர்ந்து தெளியும் திறன். மலைப்பொழிவில் சொல்லப்படும் இரக்கமுடையோரின் பேறுடன் புனித அகுஸ்தீன் இணைத்தது இந்தக் கொடையையே. கொடுப்பது எளிது, பெறுபவரின் மானம் குறையாமல், அவருக்கு உண்மையில் உதவும்படி கொடுப்பதற்கு விமரிசை வேண்டும் என்பது இந்த இணைப்பின் உட்பொருள்.

தமிழகத்தில் வரலாறு

1498இல் லிஸ்பனில் தோன்றிய மிசெரிக்கோர்தியா என்னும் இரக்க சபை, பதினான்கு செயல்களையே தன் விதியாகக் கொண்டது. போர்த்துக்கீசியர் வழியாக அது கோவாவிலும் பின்னர் மயிலாப்பூர், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலும் கால்கொண்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் மறைக்கல்வி நூலும் இவருடையதே. அறியாதோருக்குக் கற்பித்தலும் நோயுற்றோரைப் பேணுதலும் ஒருவர் கையிலேயே கூடியிருந்தன.

வீரமாமுனிவர் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். வேதியர் என்பது இங்கே உபதேசியாரைக் குறிக்கும். குரு ஆண்டுக்கு ஓரிரு முறையே வரமுடிந்த ஊர்களில் செபம் நடத்தியவர்களும், சிறுவருக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர்களும், சாவுப் படுக்கையில் இருப்போரின் அருகில் அமர்ந்தவர்களும் இவர்களே. பிறருக்கு ஓதுபவர் முதலில் தம் ஆன்மாவைச் சீர்செய்ய வேண்டும் என்பது இந்நூலின் அடிநாதம்.

காஞ்சிப் பகுதியும் பொலம்பாக்கமும்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் பசிதீர்த்தல் என்னும் அறம் கிறித்தவத்துக்கு முன்பே வேரூன்றியது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் தலைவி, வற்கடத்தால் வாடிய காஞ்சி மக்களுக்கு அமுதசுரபியால் உணவளிக்கிறாள். கோயில்களின் அன்னதானம் இன்றும் தொடர்கிறது. நகரின் கத்தோலிக்கச் சமூகம், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

இப்பகுதியில் இரக்கச் செயலுக்கு மிகச் சிறந்த சான்று பொலம்பாக்கம் தொழுநோய் மையம். பொலம்பாக்கம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலும் 1997 முதல் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. காங்கோவில் தொழுநோயாளரிடையே நெடுங்காலம் பணியாற்றிய பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் எமெரிக்ஸ் 1955இல் இம்மையத்தைத் தொடங்கினார். உடன் வந்தவர்களில் ஒருவர் மருத்துவர் கிளேர் வெல்லு. இவர் கத்தோலிக்கப் பொதுநிலைப் பெண்களின் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர். எமெரிக்ஸ் சென்றபின் மையத்தை இவரே நடத்தினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 2013இல் மறைந்தார்.

அதுவரை தொழுநோய்க்கான பணி பெரும்பாலும் இல்லங்களில் நடந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்து, மதிலுக்குள் வைத்துப் பராமரிப்பதே கருணை எனக் கருதப்பட்டது. அப்படிப் பிரிக்கப்படுவோமோ என்ற அச்சத்தில் பலர் நோயின் அடையாளமான தேமலை மறைத்தனர். நோய் முற்றிய பின்னரே வெளியே வந்தனர். தொழுநோய்க்கான டாப்சோன் மாத்திரை கிடைக்கத் தொடங்கியதும் பிரித்து வைக்கவேண்டிய தேவை குறைந்தது. எமெரிக்ஸ் குழு வண்டியில் மருந்துடன் புறப்பட்டு, குறித்த நாளில் குறித்த சாலையோர மரத்தடிக்குச் செல்லும். சுற்றுவட்டார நோயாளிகள் அங்கே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வயல்வேலைக்குத் திரும்புவார்கள். வீட்டையோ பிழைப்பையோ விட வேண்டியதில்லை. ‘மரத்தடி மருத்துவமனை’ என்று அறியப்பட்ட இம்முறை, நோயாளி மருத்துவரைத் தேடி வரவேண்டும் என்ற நியதியை மாற்றியது. பின்னாளில் மையம் தமிழக அரசின் பொறுப்புக்கு வந்து, எமெரிக்ஸ் பெயரிலேயே இயங்கியது. உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயை முழுமையாகக் குணப்படுத்தும் நிலையைக் கொண்டுவந்தது.

இப்பணிக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர் மற்றொரு பெல்ஜியரான புனித தமியான். அவர் 1873இல் ஹவாயின் மொலக்காய் தீவுக்குச் சென்று, தொழுநோயாளருடன் வாழ்ந்து, அதே நோயால் 1889இல் இறந்தார். 2009இல் புனிதர் பட்டம் பெற்றார். ஒதுக்கப்பட்டவர்களோடு தாமும் ஒதுங்கி வாழ்ந்தது தமியானின் இரக்கம். ஒதுக்குவதையே தேவையற்றதாக்கியது பொலம்பாக்கத்தின் இரக்கம். இரண்டுக்கும் இடையே கூடியது விமரிசை.

பங்கு வாழ்வில்

இன்றைய தமிழ்ப் பங்குகளில் இரக்கச் செயல்கள் பெரும்பாலும் சபைகள் வழியாக நடக்கின்றன. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் தோழர்களுடன் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழைகளை வரவழைக்காமல் அவர்களின் வீடுகளுக்கே சென்று உதவுகின்றனர். 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையினர் வாரந்தோறும் கூடிச் செபமாலை சொல்லி, ஒப்படைக்கப்பட்ட பணியை முடித்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கை தருகின்றனர். பொருளுதவி செய்வதைச் சேனையின் விதி தடுக்கிறது. நோயாளியைச் சந்தித்தல், விலகியோரைத் தேடுதல், தேற்றுதல் ஆகியவையே அதன் பணி. அண்டைவீட்டுக் குடும்பங்கள் கூடி விவிலியம் வாசிக்கும் அன்பியங்களில் எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் துக்கம் என்பது முதலில் தெரிந்துவிடுகிறது.

திருநீற்றுப் புதனில் தொடங்கும் தவக்காலத்தில் சிலுவைப்பாதையும் ஒருசந்தியும் தருமமும் இணைகின்றன. தவக்கால உண்டியலில் குழந்தைகள் சேர்க்கும் காசு ஏழைகளுக்குச் செல்கிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூவிட்டு, மெழுகுதிரி ஏற்றி மன்றாடுவது பதினான்காம் செயலின் ஊர்வழக்கு.

விமர்சனங்கள்

உதவி மதமாற்றத்துக்கான கருவியாகிறது என்ற குற்றச்சாட்டு இந்தியாவில் நீண்டகாலமாக உண்டு. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005இல் எழுதிய ‘கடவுள் அன்பாயிருக்கிறார்’ சுற்றுமடல், அன்புப்பணி வேறு நோக்கத்தை அடையும் வழியாக மாறக் கூடாது என வரையறுத்தது. வறுமையின் காரணத்தை நீக்காமல் வறியவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது போதாது என்பது மற்றொரு விமர்சனம். திருச்சபைக்குள்ளிருந்தே எழும் கடுமையான கேள்வி சாதி பற்றியது. தமிழகத்தின் சில பங்குகளில் தலித் கிறித்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்திலும் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இறந்தோரை அடக்கம் செய்தல் என்னும் செயலையே அது கேள்விக்குள்ளாக்குகிறது.

அண்மைச் சேர்க்கை

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டை அறிவித்தார். 2016 செப்டம்பர் 1 அன்று, படைப்பைப் பேணுதலையும் இரக்கச் செயலாகச் சேர்க்க முன்மொழிந்தார். படைப்பை நன்றியோடு தியானிப்பது ஆன்மா சார்ந்தது. வீணடிக்காத அன்றாடச் சிறு செயல்கள் உடல் சார்ந்தவை. ஏரிகள் நிறைந்தும் பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் காஞ்சிப் பகுதியில் இது தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தலின் நீட்சியே. தண்ணீர் கொடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் இருக்க வேண்டும்.