தீவாந்தரம் எங்கே இருக்கிறது?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், கிராம்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு தமிழன்பர் அடித்துச் சொன்னார்: “தீவும் அந்தமானும் சேர்ந்து தேய்ந்ததுதான் தீவாந்தரம்.” தண்டனை பெற்றுக் கடல் கடந்த முன்னோரைத் தேடுகிறவர்கள் இதை நம்பினால் தவறான ஏட்டைப் புரட்டுவார்கள். ஆகவே மறுக்கிறேன்.

அந்தமானில் நிலையான கைதிக் குடியிருப்பு ஏற்பட்டது 1858இல். 1802 பிப்ரவரியிலேயே, பாளையக்காரர் போரில் பிடிபட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அவர்களில் ஒருவன். அவன் போனதும் தீவாந்தரமே.

சொல் அதனினும் பழையது. அதன் வடமொழி வடிவமான துவீபாந்தரம் ரகுவம்சம் ஆறாம் சருக்கத்தில் வருகிறது. இந்துமதியின் சுயம்வரத்தில் கலிங்க மன்னனைப் புகழும் இடம். அங்கே காற்று இலவங்கப்பூவைத் துவீபாந்தரத்திலிருந்து கொண்டுவருகிறது. (இலவங்கம் தமிழில் கிராம்புக்கும் பட்டைக்கும் பொது, இங்கே கிராம்பு.) அந்தரம் என்றால் ‘வேறு’. தேசாந்தரம் வேறு தேசம், சன்மாந்தரம் வேறு பிறவி, தீவாந்தரம் வேறு தீவு. ‘அந்தரத்தில் தொங்கும் தீவு’ என்பாருக்கு விடை தேவையில்லை.

பண்டம் வந்த இடமாகப் பட்டினப்பாலை சொல்லும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை கண்டார். பினாங்கு அந்தக் கடாரக் கரைக்கு எதிரே கிடக்கிறது. பண்டம் வந்த வழியில் கைதி போனான்.

நாடுகடத்தல் வேறு. 1808இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயை எதிர்த்த கொச்சி அமைச்சர் பாலியத்தச்சன் சென்னையிலும் காசியிலும் வைக்கப்பட்டார். 1910இல் ‘சுதேசாபிமானி’ இதழாசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே விடப்பட்டார். இருவருக்கும் தீவு இல்லை. அதே காலத்தில், 1908இல், வ.உ.சி.க்கு விதித்தது தீவாந்தரம். அவர் அடைபட்டதோ கோவை, கண்ணூர்ச் சிறைகளில். இடப்பெயர் தண்டனைப்பெயர் ஆகிவிட்டிருந்தது. 1956 ஜனவரி 1 முதல் சட்டம் அதை ஆயுள் சிறை என்று மாற்றியது.

அந்தமான் கைதியின் கழுத்தில் மரச்சில்லு ஒன்று தொங்கியது. எண், சட்டப்பிரிவு, தண்டனை நாள், விடுதலை நாள்: அவ்வளவே. ஊருக்கும் தகப்பன் பெயருக்கும் அதில் இடமிருக்கவில்லை. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அங்கே போன மாப்பிள்ளைமார் தாங்கள் குடியேறிய இடங்களுக்கு வண்டூர், மஞ்சேரி, திரூர், மன்னார்க்காடு என்று பெயரிட்டார்கள். சில்லில் இல்லாத ஊரை மண்ணில் எழுதி வைத்தார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் வாயில் எந்தச் சொல் வழங்குகிறது என்று முதலில் கேளுங்கள். ‘நாடு கடத்தினார்கள்’ என்றால் கரையில் தேடலாம். ‘தீவாந்தரம் போனார்’ என்றால், 1858க்கு முன்னது பெரும்பாலும் மலாய்க் கரையில், பின்னது பெரும்பாலும் அந்தமானில், வ.உ.சி.யைப் போலச் சிலர் இங்குள்ள சிறையிலேயே. ஏடு எண்ணைத் தரும். திசையைத் தருவது சொல். பாட்டி சொன்ன சொல் பொய்க்காது என்பதே என் துணிபு.